முதலாம் கியர் மாப்பிள்ளை

"இந்தாரும் தம்பி, சாவி."

காரை வாடகைக்கு விடும் பஸ்ரியாம்பிள்ளை நீட்டிய சாவியைக் குலசிங்கம் வாங்கினான். உள்ளங்கை வியர்த்திருந்ததால் அது வழுக்கி வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கை மணலில் விழுந்தது. தேடுவதுபோல அவன் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றான். நிமிர்ந்தால் எதிரே கார் நிற்கும். அது நின்றுகொண்டிருக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை.

"அண்ணை, நீங்கள்தானே ஓடிக்கொண்டு வருவியள்?" என்று ஈனக்குரலில் கேட்டான்.

"நானோ? றைவர் வேண்டாம், வெறுங் கார் போதும் எண்டெல்லோ மாமி சொல்லி அனுப்பினவ."

"ஓம், நான்தான் சொன்னனான்," என்றாள் படலை வாசலில் பட்டுச்சேலையோடு நின்ற மாமி இலட்சுமிப்பிள்ளை. "லண்டனிலை கார் ஓடுற மாப்பிள்ளைக்கு நாரந்தனையிலை என்னத்துக்கு றைவர்?"

அந்தக் கேள்வி பக்கத்து வளவுக்கும் அதற்கடுத்த வளவுக்கும் சேர்த்தே கேட்கப்பட்டது. வேலிகளுக்கு மேலால் தலைகள் முளைத்தன.

குலசிங்கத்துக்குக் கலியாணம் முடிந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மகளுக்கு நல்ல இடத்தில் சரிவந்தால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டிவந்து பட்டுச் சாத்துவேன் என்று மாமி நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். மத்தியானப் பூசைக்கு முதல் போய்ச் சேரவேண்டும். குறிகட்டுவான் துறைவரை காரில் போய், அங்கிருந்து வள்ளம் ஏறுவதாக ஏற்பாடு.

அவன் பொய் சொன்னான் என்று சொல்ல முடியாது. லண்டனில் ஒரு பெற்றோல் செற்றில் அவனுக்கு வேலை. ஒருநாள் முதலாளியின் காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினான். கார் தன்னுடையது என்று படத்தின் பின்னால் எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. மிச்சத்தைக் கலியாணத் தரகர் பார்த்துக்கொண்டார்.

வரிசையில் நிற்கும் காரைப் பெற்றோல் பம்புக்குக் கிட்டக் கொண்டுவந்து விடுவான். முதலாம் கியரில், நேராக, முன்னுக்கு. அவனுடைய ஓட்டுநர் வாழ்க்கை அவ்வளவுதான். லைசென்ஸ் எடுக்க இரண்டு தரம் போனான். சோதிக்க வந்த வெள்ளைக்காரர் ஒன்றும் பேசாமல் அவனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கிளச் எது, பிறேக் எது என்பது அவனுக்கு மறந்துபோனது. இரண்டாம் தரம் அந்த மனிதர் பாதி வழியில் இறங்கி, நன்றி சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார்.

ஆனால் பெற்றோல் செற்றுக்குப் பக்கத்தில் வாடகைக் கார் கொடுக்கும் கந்தோர் ஒன்று இருந்தது. விடுமுறைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு அங்கிருந்த பெண் நாள் முழுக்கப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பாள். எடுக்க முன் காரைச் சுற்றிப் பாருங்கள், கீறல் நெளிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், மாற்றுச் சில்லு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கு எல்லாம் பாடம். ஓட்டுவதைத் தவிர, வாடகைக் காரைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

பிழை ஒன்றைக் கண்டுபிடித்தால் காரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். குலசிங்கம் நிமிர்ந்தான்.

"எடுக்க முதல் கீறலுகளைக் குறிக்கவேணும் அண்ணை. அங்கை அதுதான் சட்டம்."

பஸ்ரியாம்பிள்ளை தன் பழைய ஒஸ்ரின் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "கீறல் இல்லாத இடத்தைக் குறியும் தம்பி. கெதியா முடிஞ்சிடும்."

"மாற்றுச் சில்லு?"

"இருக்கு."

"அதுக்குக் காத்து?"

"அதுக்கும் இருக்கு."

குலசிங்கம் ரயர்களைக் காலால் உதைத்தான். ஒன்றும் வெடிக்கவில்லை. பொனெற்றைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வேலிக்கு மேலால் பார்த்த தலைகளும் கூடவே ஆடின.

"பாத்தியளே? இதுதான் படிச்சவன் கார் எடுக்கிற முறை," என்றாள் மாமி.

கடைசி முயற்சியாக அவன் தன் வேட்டியைக் காட்டினான். "வேட்டியோடை ஓடுறது ஆபத்து மாமி."

"மடிச்சுக் கட்டுங்கோ தம்பி."

மடித்துக் கட்டினான். மீனலோசனி, அவனுடைய புது மனைவி, மல்லிகைப்பூவும் புன்சிரிப்புமாகப் பின்சீற்றில் ஏறிவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. ஊர் சிரித்தால் லண்டனுக்குப் போய்விடலாம். இவள் சிரித்தால் கூடவே லண்டனுக்கு வருவாள்.

மாமியும் அர்ச்சனைத் தட்டோடு ஏற, அவன் ஸ்ரேறிங்கில் போய் உட்கார்ந்தான். அப்போது ஒரு யோசனை வந்தது.

"அண்ணை, காரின்ர சொந்தக்காரனும் கூட வரவேணும். அதுவும் அங்கத்தைச் சட்டம்." பாதி வழியில் தலையிடி என்று சொல்லி ஸ்ரேறிங்கை இவரிடமே கொடுத்துவிடலாம் என்பது திட்டம்.

பஸ்ரியாம்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "நானே கேப்பம் எண்டு நிண்டனான்," என்று சொல்லி முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் குனிந்து குலசிங்கத்தின் கால்களைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

குலசிங்கம் சாவியைத் திருகினான். லண்டன் வெள்ளைக்காரர் வேட்டி கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது.

கார் முயல்போல ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. மறுபடியும் துள்ளியது. மூன்றாம் துள்ளலில் மாமியின் அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழங்கள் பஸ்ரியாம்பிள்ளையின் பிடரியில் விழுந்தன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"இப்ப ஏன் தம்பி அந்தக் காலைத் தூக்கினீர்?"

"அது... இஞ்சினுக்கு மூச்சு விட இடம் குடுக்கவேணும் அண்ணை."

"ஓ!" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "அப்பிடியோ விஷயம்!"

நக்கல் அடிக்கிறார் என்று குலசிங்கத்துக்கு விளங்கியது. காது இரண்டும் சுட்டன.

கார் எப்படியோ ஒழுங்கையைத் தாண்டி ரோட்டுக்கு ஏறி, முதலாம் கியரில் இரைந்துகொண்டு வேலணைப் பக்கம் நகர்ந்தது. இடப்பக்கமாகப் போகவேண்டும் என்ற ஒரு விஷயமாவது லண்டனிலும் இங்கேயும் ஒன்றாக இருந்தது. அவன் இடப்பக்கத்தை விட்டு அசையவே இல்லை. ஒரு வேலியில் நட்டிருந்த இரண்டு கதியால் தடிகள் காரோடு கொஞ்சத்தூரம் வந்து பிறகு விழுந்தன.

"இரண்டாம் கியர் போடிறேல்லையோ?" என்று கேட்டார் பஸ்ரியாம்பிள்ளை, கால்களை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"கோயிலுக்குப் போகேக்கை அங்கை எல்லாரும் முதலாம் கியரிலைதான் போறது. ஒரு மரியாதை."

"ம். கோயிலுக்கு முதலாம் கியர்," என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். சோதனைக்காரர் புள்ளி வெட்டுவதுபோல இருந்தது குலசிங்கத்துக்கு.

சைக்கிளில் பனங்கிழங்குக் கடகம் கட்டிவந்த ஒருவர் மணி அடித்துவிட்டு அவர்களை முந்திப் போனார். பிறகு ஓர் ஆடு முந்தியது. ஆடு திரும்பிப் பார்த்தது.

"மாப்பிள்ளை நிதானம்," என்று மாமி பின்னாலிருந்து சொன்னாள். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. "பூசைக்கு முதல் போயிடுவமோ தம்பி?"

வங்களாவடிச் சந்தியைத் தாண்டும்போது பொனெற்றிலிருந்து ஆவி கிளம்பியது. குலசிங்கத்துக்கு ஒரே சந்தோஷம். கார் பழுது, எல்லாரும் பஸ்ஸில் போகலாம். ஆனால் ரோட்டோர வீட்டுக்காரர் ஒருவர் கேட்காமலே கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கார் பெருமூச்சு விட்டுத் திரும்பவும் உயிர்த்துக்கொண்டது. அந்த நல்ல மனிதரை அவன் மனதுக்குள் சபித்தான்.

"அண்ணை, எனக்குத் தலையிடிக்குது. நீங்கள் ஒருக்கா ஓடுங்கோவன்."

பஸ்ரியாம்பிள்ளை பதறிப்போனார். "சீச்சீ! நீர் ஓடும் தம்பி. நான் பாக்கிறன்."

"உங்கட கார்தானே?"

"நான் தொட்டால் சரிவராது. உம்மட கையிலைதான் அது இப்பிடிப் போகும்."

இப்பிடிப் போகும்! எவ்வளவு குத்தலான பேச்சு! குலசிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

புங்குடுதீவுக்குப் போகும் கடற்பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு வாகனத்துக்குத்தான் அகலம், இடைக்கிடை மட்டும் ஒதுங்கி நிற்க இடம் விட்டிருந்தது. ஓர் ஒதுங்குமிடத்தைத் தாண்டிக் கொஞ்சத்தூரம்தான் போயிருப்பான். எதிரே குறிகட்டுவானிலிருந்து பஸ் வந்தது. கூரையில் மீன் கூடைகள், வாசலில் தொங்கும் சனம்.

கார் நின்றது. பஸ்ஸும் நின்றது. முகத்துக்கு முகம்.

"பின்னுக்கு எடும்!" என்று பஸ் கொண்டக்டர் சில்வெஸ்ரர் கையைக் காட்டினார். "உமக்குப் பின்னாலைதான் ஒதுங்கிற இடம் கிட்ட!"

பின்னுக்கு. குலசிங்கம் தன் வாழ்நாளில் ஒரு காரையும் பின்னுக்கு எடுத்ததில்லை. அந்தக் கியர் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. தெரிந்த ஒரு கியரைப் போட்டான். கார் இன்னும் கொஞ்சம் முன்னுக்குப் போய் பஸ்ஸின் முகப்பை மெல்ல முட்டியது.

பஸ்ஸில் இருந்த சனம் இறங்கத் தொடங்கியது. நயினாதீவிலிருந்து திரும்பிய பெண்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தவர்கள், மண்டைதீவுக்கு வலை கொண்டுபோகிற இரண்டு பேர், எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

மாமி கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"ஆர் பின்னுக்குப் போறது? எங்கட மாப்பிள்ளை லண்டனிலை கார் ஓடுறவர்! அவர் பின்வாங்கிற ஆள் இல்லை! பஸ்ஸைப் பின்னுக்கு எடுங்கோ!"

"அம்மா, பஸ்ஸுக்குப் பின்னாலை சைக்கிளும் வண்டிலுமா அடைஞ்சு நிக்குது. ஏலாது," என்றார் சில்வெஸ்ரர். "லண்டனிலை ஓடினவருக்கு இது ஒரு விளையாட்டெல்லோ?"

பஸ் றைவர் அரியநாயகம் தன் சீற்றில் இருந்தபடி பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். பஸ்ரியாம்பிள்ளை கடலைப் பார்த்தார்.

"எடுங்கோவன்," என்று மீனலோசனி மெல்லச் சொன்னாள். அவன் திரும்பிப் பார்த்தான். பூசை நேரம் போய்க்கொண்டிருந்தது. வெயிலில் அவள் முகம் சிவந்திருந்தது, மல்லிகைப்பூ வாடியிருந்தது. இன்னொரு சட்டத்தை உண்டாக்கிச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

இஞ்சினை நிறுத்தினான். இறங்கினான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து மரியாதையாகக் கீழே விட்டான்.

"எனக்குக் கார் ஓடத் தெரியாது," என்றான். சத்தமாகத்தான் சொன்னான், மறுபடி கேட்டால் இன்னொருமுறை சொல்லவேண்டிவரும் என்ற பயத்தில். "நான் பெற்றோல் அடிக்கிறனான். படத்திலை நிண்டது முதலாளியின்ர கார். லைசென்ஸ் சோதினையிலை இரண்டு தரம் பெயில்."

மாமி சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

மீனலோசனி காரிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தான். தோள் குலுங்கியது. அழவில்லை.

"ஆடு முந்தேக்கையே எனக்கு விளங்கிட்டுது," என்றாள் அவனுக்கு மட்டும் கேட்க. "நீங்களா எப்ப சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

குலசிங்கத்துக்கு அங்கேயே அவளை விழுந்து கும்பிடலாம்போல இருந்தது. ஆனால் இன்னொரு கணக்கு மிச்சம் இருந்தது. பஸ்ரியாம்பிள்ளை பாலத்து ஓரக் கட்டின் மேல் போய் உட்கார்ந்திருந்தார். தலையில் இரண்டு கை. பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அப்ப... இவ்வளவு நேரமும் நீர் காலாலை செய்தது?" என்று கேட்டார் அவர். குரல் உடைந்திருந்தது.

"ஒண்டும் சரியில்லை அண்ணை. எல்லாம் பிழை."

"மூச்சு விட இடம் குடுக்கிறது?"

"அதுவும் பொய்."

பஸ்ரியாம்பிள்ளை முகத்தை மூடிக்கொண்டார். காருக்கு வந்த கேட்டை நினைத்து அந்த மனிதர் அப்படி உடைந்துபோனதைப் பார்த்தபோது, குலசிங்கத்துக்குக் கடலில் குதிக்கலாம்போல இருந்தது. ஆழம் முழங்கால் அளவுதான் என்பது நினைவுக்கு வந்தது.

அரியநாயகம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ஒருவரும் கேட்கவில்லை. ஒஸ்ரினின் கதவில் சரியான இடத்தில் ஒரு குத்துக் குத்தித் திறந்தார், ஏறினார், காரைப் பூனைக்குட்டிபோலப் பின்னுக்கு எடுத்துக்கொண்டுபோய் ஒதுங்குமிடத்தில் விட்டார். பிறகு போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். சனமும் ஏறியது. பஸ் மெல்ல நகர்ந்தது.

சில்வெஸ்ரர் மிதிபலகையில் தொங்கியபடி கிட்ட வந்தபோது குலசிங்கம் கேட்டான்: "அண்ணை, பஸ்ரியண்ணை உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்போலை கிடக்கு. ஒருக்காச் சமாதானம் சொல்லுங்கோவன். என்னிலை நல்ல கோவம் போலை."

"கோவமோ!" என்று சில்வெஸ்ரர் சிரித்தார். "விடிய உங்கட படலையிலை காரைக் கொண்டந்து விட்டதே எங்கட றைவர்தான் தம்பி. வாங்கின நாள் துவக்கம் பஸ்ரியண்ணைக்கு அதை ஓடத் தெரியாது, லண்டன் மாப்பிள்ளை ஓடுறதைப் பக்கத்திலை இருந்து பாத்துப் பழகப்போறன் எண்டு ஆசையோடை வந்தவர்!"