திருமதிவள்ளூர் மாவட்டம்

கம்ப்யூட்டரில் உள்ள பொத்தான்களை ஒன்று விடாமல் அமுக்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் எடைமேடை.

அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. ஆனால் கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பி ஆலைக்கு வரும் லாரிகளை எடை போடுபவர் என்பதால், அவர் மனைவிகூட அவரை எடைமேடை என்றுதான் சொல்வார். எடைமேடை யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்க மாட்டார். "இன்னா சார், லோடா, காலியா?" என்பார். முதலாளியிடமும் அப்படித்தான்.

நான் அங்கே ஆபீஸ் கிளார்க். பத்தொன்பது வருடமாகக் கடிதம் அடிப்பவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. ஒருநாள் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. புதிதாக வந்ததில், காசில்லாமல் கிடைக்கும் எழுத்து மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். திறந்தேன். வெள்ளைத் தாள் ஒன்று வந்தது. பழக்கப்பட்ட இடத்தில் எதுவுமே இல்லை. மாமியார் வீட்டுச் சமையலறையில் உப்பு தேடும் மாப்பிள்ளை போல் விழித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கௌரவம்! இரண்டு நாள், யார் கடிதம் கேட்டாலும் "சிஸ்டம் ஸ்லோ" என்றே சமாளித்தேன்.

மூன்றாம் நாள் எடைமேடை வந்தார். அவர் மனைவி எங்கள் பேக்கிங் பிரிவில் வேலை. பொன்னேரியிலிருந்து பெண்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ், ஆலைக்குள் வராமல் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட ஆரம்பித்திருந்தது. இருபத்திரண்டு பெண்கள் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் நடந்தார்கள். முந்தின நாள் ஒரு பெண்ணின் துப்பட்டா லாரிக் கொக்கியில் மாட்டி, அவர் நூலிழையில் தப்பியிருந்தார். புது மேலாளர் வருகிறார், மனு வேண்டும் என்றார் எடைமேடை.

"சிஸ்டம் ஸ்லோ."

அவர் என் முகத்தையும் வெள்ளைத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "சிஸ்டம் நல்லாத்தான் கீது. நீதான் ஸ்லோ. தள்ளு சார்."

உட்கார்ந்து, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அமுக்கினார். தாள் படுத்துக்கொண்டது. எழுத்து பூசணிக்காய் அளவு வீங்கியது. திடீரென்று பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக ஆனது. நான் அலறினேன்.

"இன்னாத்துக்குக் கத்தினுகீற? இதோ பாரு, வளைஞ்ச அம்பு. அமுக்குனா பழையபடி ஆயிடுது. ரிவர்ஸ் கியர் கீற வண்டில இன்னா சார் பயம்?"

மதியத்துக்குள் தமிழ் எழுத்தும் வந்துவிட்டது. சேமிப்பதும் அச்சடிப்பதும் தெரிந்தது. நான் சொல்லச் சொல்ல, அவர் ஒற்றை விரலால் மனுவை அடித்து முடித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை, வந்திருப்பவர் பெண் மேலாளர் என்று தெரிந்தது. மனுவில் 'திரு. மேலாளர்' என்று இரண்டே இடத்தில்தான் இருந்தது. கையால் மாற்றினால் என் பத்தொன்பது வருடம் என்னாவது? 'தேடி மாற்று' என்ற வசதியை நானே கண்டுபிடித்து, 'திரு' வருமிடமெல்லாம் 'திருமதி' ஆகட்டும் என்று ஆணையிட்டேன். ஆயிற்று. படித்துப் பார்க்காமல் அச்சடித்து, எடைமேடையையும் அழைத்துக்கொண்டு உள்ளே போய் நீட்டினேன்.

மேடம் சத்தமாகவே படித்தார். "திருமதிவள்ளூர் மாவட்டம்..." நிமிர்ந்தார். "மாவட்டத்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? எனக்குப் பத்திரிகையே வரலையே!"

எனக்கு வியர்த்தது. அவர் விடவில்லை. "பஸ் நெடுஞ்சாலையிலேயே திருமதிம்பிவிடுகிறது." கீழே பெயர் அடித்திருந்த இருபத்திரண்டு பெண்களும் 'திருமதிமதி' ஆகியிருந்தார்கள்.

"யார் அடிச்சது இது?"

நான் நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

"நான்தான் மேடம்," என்றார் எடைமேடை. "புது சாஃப்ட்வேரு. கண்ட பட்டனையும் அமுக்கிட்டேன்."

அடுத்த தப்பு எங்கே என்று தேடித் தேடி மேடம் கடைசி வரி வரைக்கும் படித்தார். துப்பட்டா விஷயத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. உடனே போனை எடுத்தார். மறுநாள் காலை பஸ் ஆலைக்குள்ளேயே வந்து நின்றது.

அன்று மேடத்தின் அறையை விட்டு வெளியே வந்ததுமே, "ஏன்யா பழியை ஏத்துக்கிட்டே?" என்று கேட்டிருந்தேன்.

"மேடத்துக்கு நீ தினமும் லெட்டர் அடிக்கணும் சார். எனுக்கு இன்னா, லாரி வந்தா எடை போடப்போறேன்."

மூன்று நாள் தூக்கம் வராமல், மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். "தெரியும் சார்," என்றார். "அவர் பேசினப்போ வியர்வை உங்களுக்குத்தானே கொட்டிச்சு!"

இப்போது எடைமேடை காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். போன வாரம் போன் செய்து, பக்க எண் எப்படிப் போடுவது என்று கேட்டேன். அவர் திட்டிக்கொண்டே அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பக்க எண் போட எனக்கு எப்போதோ தெரியும்.