மழைக்கு முழு மதிப்பெண்

“படத்தை ஓட விடுங்க.”

கற்காலத்திலிருந்து மனித குலம் ஏறி வந்த படிகளில் ஆக உயரமான படி, ஒரு படத்தைப் பார்க்காமலேயே அதன் தரத்தை அறிந்துகொள்ளும் ஆற்றல்தான். அந்தப் படியில் ஏறி உட்கார்ந்திருந்த பெருமக்களின் முகத்துக்கு நேரே அவள் இப்படிக் கேட்டுவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே தலைவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். லீவு கேட்கலாம், முதுகு வலிக்காத நாற்காலி கேட்கலாம், ஏசி கேட்டால்கூடப் பரிசீலிக்கப்படும். இதை மட்டும் வாய் தவறியும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டாள். அதுவும் புது டிஸ்க்குக்குத் தர முத்திரை வழங்கும் கூட்டத்தில், டிஸ்க் கம்பெனிக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது.

அந்த அலுவலகத்தின் பெருமை தெரியாத பாவிகளும் இருக்கக்கூடும். ‘செவ்வியல் ஜப்பானியத் திரைப்பட வீட்டுப் பதிப்புத் தர ஒப்பீட்டு மையம்’ என்பது அதன் முழுப் பெயர். பலகையில் இடம் போதாமல் ‘மையம்’ மட்டும் பக்கத்துச் சுவரில் இருக்கும். பழைய ஜப்பானியப் படம் ஒன்றை ஒரு கம்பெனி டிஸ்க்கில் போடும். இன்னொரு கம்பெனி அதையே தூசி தட்டிப் போடும். முதல் கம்பெனி ரோஷப்பட்டு, தட்டியதை மறுபடி தட்டிப் போடும். இவற்றில் எது உசத்தி என்று தெரியாமல் உலகம் தூக்கம் கெட்டு அலையக் கூடாதே என்றுதான் மையம் உழைத்தது.

உழைக்கும் அறையின் சுவர், கூரை, திரைச்சீலை எல்லாமே கறுப்பு. உறுப்பினர்களும் கறுப்பில்தான் வர வேண்டும். வெளிர் சட்டை திரையில் எதிரொளித்தால் ஒப்பீடு கெட்டுவிடும். முதல் நாள் அவள் மஞ்சள் சுடிதாரில் வந்ததை ‘ஒளி மாசு’ என்று பதிவு செய்து, ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டார்கள். அதோடு வீட்டுக்குப் போனபோது, “வக்கீல் வேலையாடி? சொல்லவே இல்ல,” என்றாள் அம்மா.

ரிமோட்டில் ‘ப்ளே’ பொத்தானின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். ஓடுகிற படத்தை ஒப்பிட முடியாது, நிற்கிற படத்தைத்தான் ஒப்பிட முடியும் என்பது மையத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு. இப்போது ஆய்வில் இருந்த படத்தில், கொட்டுகிற மழையில் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வைத்தியர் வீட்டுக்கு ஓடுவாள். மழைக்கோடுகள் துல்லியமாக விழுந்த ஒரு கணத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடமாக அவள் நின்றாள். மழையும் நின்றது, அந்தரத்தில்.

இருட்டு சார் என்று அழைக்கப்பட்டவர் கறுப்பின் ஆழத்தை அளப்பவர். ஓரம் மேடம் படத்தின் ஓரங்கள் எங்கே வெட்டுப்பட்டிருக்கின்றன என்று ஸ்டீல் ஸ்கேலால் அளப்பவர். தலைவருக்குத் தனித் துறை கிடையாது, இருவருக்கும் தலையாட்டுவார். எல்லா டிஸ்க்குகளிலிருந்தும் அந்த ஒரே கணத்தைப் பிடித்து வரிசையாக அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. பதவி, உதவி ஒப்பீட்டாளர். அழைக்கும் பெயர், ‘பாப்பா’.

அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். லாரி ஓட்டுகிற அப்பா, மகள் ‘ஜப்பான் கம்பெனி’யில் இருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் மகளின் செல்போனில் அந்த நிறுத்தி வைத்த மழைக் காட்சியைப் பார்த்த அம்மா, குழந்தை பிழைத்ததா என்று கேட்டாள்.

“தெரியலம்மா.”

“வருஷம் பூரா இதைத்தானே பாக்குறே?”

“பாக்கலம்மா. ஒப்பிடறோம்.”

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் மதியம், பெருமக்கள் வழக்கமான மூன்று மணி நேரச் சாப்பாட்டுக்குப் போனபோது, அவள் டேப்பை உரித்தாள். மையத்தால் ‘கழிக்கத் தக்கது’ என்று தீர்ப்பளிக்கப்பட்ட பழைய டிஸ்க்கைப் போட்டாள். படம் முழுக்கக் கோடும் புள்ளியும். அழுக்குத் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மனிதர்கள் நடந்தார்கள். கடைசி வரை பார்த்தாள். டிபன் பாக்ஸ் திறக்கப்படவில்லை. குழந்தைக்கு என்ன ஆனது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை இங்கே சொல்வதற்கில்லை. மையத்தின் மதிப்பீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

அதற்கடுத்த நாள் மதியம், முத்திரைக்குக் காத்திருந்த புத்தம் புது டிஸ்க்கைப் போட்டாள். மழையை ஒவ்வொரு துளியாக எண்ணலாம், அப்படி ஒரு தெளிவு. ஓடி வந்தவளுக்கு வைத்தியர் கதவைத் திறக்கிறார், குழந்தையைத் தொடக் கையை நீட்டுகிறார். அத்தோடு சரி. கடைசிச் சுருளை டிஸ்க்கில் ஏற்றவே மறந்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதன் மேல் டேப் ஒட்டியிருந்தது.

தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் பதறவில்லை. இருக்கிற வரைக்கும் எப்படி இருக்கிறது என்று சொல்வதுதான் மையத்தின் கடமை, இல்லாததைப் பற்றிப் பேசுவது வதந்தி என்று விளக்கினார். பிறகு இனிப்பான சேதியைச் சொன்னார். டிஸ்க்கின் அட்டையில் ‘முழுமையான பதிப்பு, சரிபார்க்கப்பட்டது’ என்று வரும். அதன் கீழே அவள் பெயர். அதோடு வேலையும் நிரந்தரம். மூத்தவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவு அடக்கம்.

ஆகவேதான் கூட்டத்தில் அந்தக் கோரிக்கை. ஓரம் மேடத்தின் கையிலிருந்து ஸ்கேல் நழுவியது. விதிகளைப் புரட்டினார்கள். படம் பார்க்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. இப்படி ஒருத்தி கேட்பாள் என்று எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஓடவிட்டால் மனம் கதைக்குள் போய்விடும், மனம் போனால் கண் கெட்டுவிடும் என்று இருட்டு சார் கவலைப்பட்டார். அவருக்குத் தெரிந்த அருமையான ஒப்பீட்டாளர் ஒருவர் இப்படித்தான் ஒரு படத்தை முழுக்கப் பார்த்து, அழுது, இந்தத் துறையை விட்டே போனாராம். கம்பெனிக்காரர் மட்டும் தாராளமாக இருந்தார். அவரும் படத்தைப் பார்த்ததில்லை. ‘கடைசிப் பகுதி மட்டும், சத்தமின்றி, ஆய்வு நோக்கில்’ என்று தீர்மானம் நிறைவேறியது.

மழை பெய்யத் தொடங்கியது. நின்றிருந்தவள் ஓடினாள்.

“அட, கால் இருக்கு,” என்று முணுமுணுத்தார் தலைவர்.

வைத்தியர் கதவைத் திறந்தார். கையை நீட்டினார். திரை இருண்டது.

அவள் காத்திருந்தாள். யாராவது ஒருவர் ‘அப்புறம்?’ என்று கேட்டால் போதும்.

இருட்டு சார் எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போய், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். குரல் தழுதழுத்தது.

“இப்படி ஒரு கறுப்பை என் வாழ்க்கையில பார்த்ததில்ல சார். ஒரு புள்ளி இல்ல, ஒரு கீறல் இல்ல.”

ஓரம் மேடம் அந்தக் கறுப்பின் நாலு ஓரமும் அளந்து, எங்கேயும் வெட்டுப்படவில்லை என்று சான்றளித்தார். மழைக்கு ஏற்கெனவே முழு மதிப்பெண். இப்போது கறுப்புக்கும் முழு மதிப்பெண். கம்பெனிக்காரர் எழுந்து நின்று, இந்தக் கறுப்புக்காகத் தங்கள் இன்ஜினீயர்கள் ராப்பகலாக உழைத்ததைத் தன்னடக்கத்தோடு நினைவுகூர்ந்தார்.

“படம் இன்னும் முடியல,” என்றாள் அவள். “அந்தக் குழந்தை பொழைச்சுதா, செத்துச்சா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க.”

“எந்தக் குழந்தைம்மா?” ஓரம் மேடம் உண்மையாகவே குழம்பிப்போனார்.

“அவ கையில இருந்ததே.”

“அதுவா? இடது ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு வருமே, அந்தத் துணி மூட்டை? மூட்டைன்னுதானே நான் எல்லா அறிக்கையிலயும் போட்டிருக்கேன்.”

மேடம் தலைவரைப் பார்த்தார். அறிக்கை அச்சுக்குப் போய்விட்டதால் மூட்டை மூட்டையாகவே இருக்கட்டும் என்று தலைவர் தீர்ப்பளித்தார். ஒரு வருடம் கண் இமைக்காமல் உற்றுப் பார்த்தவர்களின் தீர்ப்பு.

“என் பேரை எடுத்துடுங்க,” என்றாள். இந்த முடிவைக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிட்டாள். இங்கே கொண்டு வந்தது ஒரு சின்ன நப்பாசையை மட்டும்தான்.

“பேரில்லாம அட்டை மொட்டையாத் தெரியுமே பாப்பா. வேலையும் போயிடும். அப்பாகிட்ட என்னன்னு சொல்லுவே?” என்றார் தலைவர்.

“பாதி வழியில லோடை இறக்கிட்டு ‘வந்து சேர்ந்தாச்சு’ன்னு கையெழுத்துப் போடச் சொன்னாங்கன்னு சொல்லுவேன் சார். அவருக்குப் புரியும்.”

பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியிலிருந்து பகல் வெளிச்சம் நேரே போய்த் திரையில் விழுந்தது.

“கதவைச் சாத்திட்டுப் போ பாப்பா,” இருட்டு சார் பதறினார். “கறுப்பு வெளுக்குது.”

கதவை அகலத் திறந்து போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.