நீள்வளையமையவிழையமும் ஒரு திருக்கையும்

சென்ற வருடம் ஓகஸ்ட் பதினோராம் திகதி, காலை ஆறு நாற்பது. சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், மன்னார்க் கடற்கரையில் நின்று, ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியாராகிய நான் மனித மூளையைப் பற்றிப் பாடம் எடுத்தேன்.

காரணம் என் மகள் ஜெனிற்றா. அந்த மாதம் நான் காஸ் அடுப்பை அணைக்க மறந்தது இரண்டு தரம். (மூன்று என்பாள். மூன்றாம் தரம் அடுப்பு தானாகவே அணைந்துவிட்டது, காஸ் முடிந்து.) தலையை ஸ்கான் பண்ணவேண்டும், அதுவரை தனியே சந்தைக்குப் போகக்கூடாது என்றாள். அவள் யாருடைய பேச்சையாவது கேட்பாள் என்றால், அது அவளுடைய மாமனார் சூசையின் பேச்சைத்தான். கடலுக்குப் போவதை நிறுத்தியும் விடியற்காலையில் மீன் ஏலம் பார்க்கப் போவார். அவரை எனக்காக அவளிடம் பேசவைக்க அன்று நானும் கூடப் போனேன்.

"சம்மந்தி, மறதி வேற, மூளை வருத்தம் வேற" என்று தொடங்கி, நெற்றியைத் தொட்டேன். "இது மூளையம். யோசனை, ஞாபகம் எல்லாம் இஞ்சதான்."

அவர் தலையாட்டினார். நான் பின்மண்டையைத் தொட்டு, இது மூளி, அதாவது சிறுமூளை, உடம்பின் சமநிலைக்குப் பொறுப்பு என்றேன். மூளி நலம் என்று காட்ட ஒற்றைக்காலிலும் நின்றேன். கடைசியாகப் பிடரி: மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் நீள்வளையமையவிழையம். பதினோரு எழுத்து, ஒன்றும் பிசகாமல் சொன்னேன்.

மணலில் ஒரு பெரிய திருக்கை மீனைப் போட்டு விலை கூவிக்கொண்டிருந்த ஏலக்காரர் என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"ஐயா, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. திருக்கை உங்கட."

நான் பாப்பாமோட்டை வயற்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த ஏலத்தில் தலையைத் தொட்டால் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்பதாக அர்த்தம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? காற்றில் பாடம் ஏலக்காரருக்குக் கேட்கவில்லை, கை மட்டும் தெரிந்திருக்கிறது. எதிரே நின்ற லொறி வியாபாரி இரண்டு தரம் என்னை மிஞ்சப் பார்த்து, பிடரியில் தோற்றுவிட்டார்.

"நீங்களாவது சொல்லக்கூடாதே?" என்று சூசையைக் கேட்டேன்.

"ஒற்றைக்கால்ல நிண்டெல்லோ கேட்டனியள். அவ்வளவு ஆசையாக்கும் எண்டு இருந்தனான்."

முதல்நாள் எடுத்த ஓய்வூதியம் சட்டைப்பையில் இருந்தது, எண்ணிக் கொடுத்தேன். கதவுப் பலகை அகலத்தில் திருக்கை ஓட்டோவில் வந்திறங்கியதைப் பார்த்த ஜெனிற்றா நேரே உள்ளே போய் ஸ்கானுக்கு நாள் எடுத்தாள். வயதுக்கேற்ற மூளை, வருத்தம் ஒன்றுமில்லை என்றார் டொக்டர். அதைத்தான் நானும் கடற்கரையில் சொன்னேன்.

இன்றைக்கும் கோயிலில் சிலுவை அடையாளம் போட நான் நெற்றியைத் தொட்டால், பின்வரிசை வாங்கிலிருந்து மருமகன் "ஐந்நூறு" என்று முணுமுணுக்கிறார். அது கணக்கில் சேராது. திருக்கை பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, ஓட்டோ எண்ணூறு, ஸ்கான் இருபத்திரண்டாயிரம். ஆக மொத்தம் முப்பத்தையாயிரத்து முந்நூறு ரூபாய்.