டபுள் குரூஸ் எனக்கு மட்டும் தராத ரம்

கரீபியன் கடலில் இருக்கிற தீவுகள் இன்னும் மூழ்காமல் இருக்கின்றன என்றால் அதற்கு ஒரே காரணம் எங்கள் காப்பெல் ஊர் டபுள் குரூஸ்தான். வருஷத்துக்கு இரண்டு முறை கப்பலில் போய், அங்கே காய்ச்சிய ரம்மைப் பாட்டில் பாட்டிலாக அள்ளிக்கொண்டு வந்து அந்தத் தீவுகளின் பாரத்தைக் குறைத்து வைக்கிறார். அந்த ஊர் அரசாங்கங்கள் கூப்பிட்டு அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அவருக்கு எல்லாம் கிடைக்கும். கிடைக்காதவன் என்று டெக்ஸஸில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான்.

ஆள் தூத்துக்குடிக்காரர். குடும்பப் பெயர் குரூஸ். போவதும் குரூஸ், அதாவது கப்பல் சுற்றுலா. "குரூஸ், குரூஸ் போயிருக்காரு" என்று யாராவது போனில் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர்கள் லைன் சரியில்லை என்று கட் பண்ணிவிட்டுத் திரும்பக் கூப்பிடுவார்கள். அதனால் எங்கள் தமிழ்க் கூட்டத்தில் டபுள் குரூஸ் என்று பெயர் வைத்தோம். வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். இந்த மனிதர் அதைத் தொப்பியில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார். அந்தத் தொப்பி அவருக்கு நன்றாக வேறு இருந்தது. பெரிய பெரிய பூப்போட்ட சட்டை ஒன்றும் வைத்திருக்கிறார். அதையே நான் ஒரு முறை வாங்கிப் போட்டபோது, "சோபா கவர் மாதிரி இருக்கு, கழட்டுங்க" என்றாள் என் மனைவி உமா. குரூஸ் போட்டால் அதே உமா, "அவருக்கு என்ன களையா இருக்கு பாருங்க" என்பாள்.

கப்பல் திரும்பி வந்த வாரக் கடைசியில் அவர் வீட்டுப் பின்புறத்தில் விழா நடக்கும். காப்பெலில் பாதித் தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருக்கும். குரூஸ் ஒரு பெரிய சூட்கேஸைத் திறப்பார். உள்ளே ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சாரத்தில் சுற்றியிருக்கும். லுங்கியை அவர்கள் ஊரில் சாரம் என்பார்கள். பாட்டிலின் கழுத்தில் ஒரு சீட்டு கட்டி, அதில் பெயர் எழுதியிருக்கும். இன்னாருக்கு இன்ன ரம் என்று வாங்குகிற கடையில் நின்றே தீர்மானித்துவிட்டு வருவார்.

எங்கள் பல் டாக்டருக்கு ஏலம், பட்டை போட்ட ரம். "உங்ககிட்ட வந்தா பல்லுக்கு வலி, இதக் குடிச்சா வலி தெரியாது, ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிடுங்க" என்பார். புதிதாக வீடு வாங்கினவருக்கு வெள்ளை ரம், சுவரில் இன்னும் பெயின்ட் காயவில்லையாம். ராகவன் வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். தயங்கித் தயங்கிப் பின்னால் நின்றார். குரூஸ் அவர் கையைப் பிடித்து இழுத்து, "ஏன் சாமி பயப்படுதீய? இது கரும்பு. பொங்கலுக்கு ரெண்டு பக்கமும் நிக்க வைக்கீயள்லா, அதே கரும்பு. சுத்த சைவம்" என்றார். ராகவன் பூஜையறைப் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் என்னிடம் வருவார். குழந்தைகளுக்கென்று ஐஸ் போட்டு வைத்திருக்கும் பெட்டியில் கைவிட்டு, ஒரு ஆப்பிள் ஜூஸ் டப்பாவை எடுப்பார். ஸ்ட்ராவை உறையிலிருந்து பிரித்து, அவரே குத்தி, தோளில் ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பார்.

"குடிங்க அண்ணாச்சி. உடம்புக்கு நல்லது."

ஒரு முறை அல்ல, இரண்டு முறை அல்ல. ஐந்து வருஷம்! நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, டைனோசர் படம் போட்ட டப்பாவை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். சுற்றிலும் ஆளுக்கொரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும். என் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா, டிட் யூ டூ சம்திங் டு ஹிம்?" என்று கேட்டான்.

நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுப் புல்தரையில் ஒரு முறை கார் டயரை ஏற்றியிருக்கிறேன். அவர் மனைவி பிலோ அக்கா செய்த மீன் குழம்பில் புளி தூக்கல் என்று சொல்லியிருக்கிறேன். இதற்கெல்லாமா ஐந்து வருஷத் தண்டனை? நானும் சும்மா இருக்கவில்லை. அவர் கப்பல் ஏறும் கால்வெஸ்டனுக்கு எங்கள் ஊரிலிருந்து ஐந்து மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். "பார்க்கிங் எதுக்கு வேஸ்ட், நானே டிராப் பண்றேன்" என்று மூன்று முறை கொண்டுபோய் விட்டு, மூன்று முறை போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். திரும்பும்போது டிக்கியில் பன்னிரண்டு பாட்டில் படுத்திருக்கும். எதுவும் உடையக் கூடாதே என்று ஃப்ரீவேயில் நான் ஊர்ந்த ஊரலில், பின்னால் வந்த டிரக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. இத்தனைக்கும் கூலி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற ஆமை பொம்மை. ஒவ்வொரு தடவையும் ஆமைதான்.

கடைசியில் என் பொறுமையைத் தீர்த்தவன், ரவுண்ட் ராக் என்ற ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பையன். ஊருக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. குரூஸின் முழுப் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு பாட்டில், அதுவும் மரப்பெட்டியில் வைத்தது! பையன் என்னைப் பார்த்து, "அங்கிள், உங்களுக்கு எது கிடைச்சது?" என்றான். கையிலிருந்த டைனோசரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். நானே கப்பலில் போவேன், நானே என் கையால் ஒரு பாட்டில் வாங்குவேன். உமாவிடம் கல்யாண நாள் என்றேன். "நம்ம கல்யாண நாள் போன மாசமே முடிஞ்சாச்சு" என்றாள். இருந்தாலும் கப்பல் என்றதும் ஒப்புக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியிருந்தேன். மறுநாள் காலை குரூஸ் போன் பண்ணினார்.

"அண்ணாச்சி, நம்ம கப்பல்ல வாரீயளாமே! உமா தங்கச்சி பிலோகிட்ட சொல்லிச்சு. நாங்களும் அதே டேட்டுக்கு மாத்திட்டோம். பக்கத்து ரூமு!"

கப்பலிலும் அவர் ராஜ்ஜியம்தான். சாப்பாட்டு ஹாலில் பரிமாறுகிறவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கட்டிப்பிடித்தார்கள். நான் காபி கேட்டால் இருபது நிமிஷம் ஆகும். குரூஸ் பார்த்தாலே அவர் மேஜைக்கு ரசம் வந்தது. நடுக்கடலில் அந்த மனிதருக்கு ரசம் வைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது, எனக்கு என் வீட்டிலேயே கிடையாது என்று உமாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜமைக்காவில் இறங்கினதும் நழுவப் பார்த்தேன். முடியவில்லை. "வாங்க, நான் வழக்கமா வாங்குத கடையக் காட்டுதேன்" என்று தள்ளிக்கொண்டு போனார். பெண்கள் இருவரும் வைக்கோல் தொப்பி பார்க்கப் போய்விட்டார்கள். கடையில் சுவர் முழுக்கப் பாட்டில்கள். தேன் நிறம், வெல்லப்பாகு நிறம், புளிக்கரைசல் நிறம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கடைக்கார அம்மாள் விரல் நுனி அளவு பிளாஸ்டிக் கிண்ணங்களில் ருசி பார்க்க ஊற்றி, எனக்கு ஒன்று, குரூஸுக்கு ஒன்று நீட்டினாள்.

குரூஸ் நெஞ்சில் கை வைத்து, தலையை ஆட்டி மறுத்தார்.

"என்ன குரூஸ், டேஸ்ட் பண்ணலையா?" என்றேன்.

"என்ன அண்ணாச்சி இப்பிடிக் கேக்கீய? நீங்க சொல்லிக் குடுத்ததுதான? அஞ்சு வருசமா ஒரு சொட்டு இல்ல."

"நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?"

அவர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "என் மக கிராஜுவேஷன் பார்ட்டி அன்னைக்கு உங்களுக்கு ஒரு கிளாஸ் ஊத்தி நீட்டுனேன். நீங்க, 'வேணாம் குரூஸ், நான் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு'ன்னு சொன்னீய. நான் அப்ப எந்த நெலமையில நின்னேன்னு யாருக்கும் தெரியாது. டாக்டர் வார்னிங் குடுத்தாச்சு. பிலோ பெட்டியக் கட்டி வச்சுட்டா. பார்ட்டி முடிஞ்ச மறுநாள் நியூ ஜெர்சியில அவ தங்கச்சி வீட்டுக்குப் போறதா டிக்கெட் போட்டிருந்தா. திரும்பி வாரதுக்கு டிக்கெட் போடல. அதான் உங்ககிட்ட, எப்பிடி விட்டீயன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"மறந்துட்டீயளா? 'ஆசை வந்தா ஒரு பாட்டில் வாங்கு. வாங்கி உன் கையாலயே அடுத்தவனுக்குக் குடுத்துரு. ஆசையும் அவன்கூடவே போயிரும்'னு சொன்னீய. நம்ம ஊரு கடையில வாங்கிப் பாத்தேன். வீடு வாரதுக்குள்ள கார்லயே தொறந்துட்டேன். கப்பல்னா, ஏறும்போதே கப்பல்காரன் பாட்டில வாங்கி அவன் ரூம்ல பூட்டி வச்சுக்கிடுதான். கடைசி நாள்தான் திருப்பிக் குடுக்கான். இறங்குனா மறுநாளே பார்ட்டி, எல்லாத்தையும் குடுத்துருவேன். தனியா நானும் பாட்டிலும் ஒரு வீட்டுல இருக்குத மாதிரியே வராது. அதான் கப்பல்ல வாங்குதேன்."

விழாக்களில் அவர் கையில் எப்போதும் ஒரு கிளாஸ் இருக்கும். அது பால் ஊற்றாத டீ என்று அப்போதுதான் சொன்னார். அடுத்தவர்கள் கையில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் கிளாஸைப் பார்க்க ஐந்து வருஷத்தில் நேரம் கிடைக்கவில்லை.

"உங்க பக்கம் மட்டும் வாசனகூடப் போயிரக் கூடாதுன்னு பிலோகிட்ட சொல்லி வச்சிருக்கேன். குருவுக்கே பாட்டில் குடுத்தா நல்லா இருக்குமா?" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பார்ட்டிக்கு முந்தின வாரம், குரூஸ் வராத ஒரு குழந்தையின் பிறந்த நாள் விழாவில் மூன்று பெக் போட்டுவிட்டு, குழந்தைகள் குதிக்கிற காற்றடைத்த பலூன் வீட்டுக்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன். பதினாறு குழந்தைகள் என்மேல் குதித்தும் எழுந்திருக்கவில்லையாம். அதனால் குரூஸ் கிளாஸை நீட்டியபோது உமா எனக்குப் பின்னால் ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்று வேண்டாம் என்றேன், கூடவே கெத்துக்கு ரெண்டு வருஷத்தையும் சேர்த்துக்கொண்டேன். வழி கேட்டார், வாயில் வந்ததைச் சொன்னேன். வீட்டுக்குப் போய் கராஜில் இருந்த பீரைத் திறந்ததோடு சரி, அதை மறந்தேவிட்டேன்.

அந்த உளறலை இந்த மனிதர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு கரை ஏறியிருக்கிறார். இப்போது என் கையில் கிண்ணம். உதட்டுக்கு நாலு விரல் தூரம். வாசனை மூக்கில் ஏறிவிட்டது. குரூஸ் திரும்பிப் பார்த்தார். ஒரு வினாடி அவர் முகம் மாறியது.

"ஓ, மோந்து பாக்கீயளா? சரிதான். ஒருத்தருக்குக் குடுக்கணும்னா மோந்து பாத்துத்தான வாங்கணும்!" என்று அவரே சிரித்தார்.

மோந்து பார்த்தேன். நன்றாக, நெஞ்சு நிறைய, ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து மோந்து பார்த்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கனமான பொருளை நான் கீழே வைத்ததில்லை. கடையிலேயே நல்ல பாட்டிலாகப் பார்த்து வாங்கினேன்.

"யாருக்கு?" என்றார் குரூஸ், பேனாவும் சீட்டுமாக.

எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. பொறாமையில் யாரை நினைத்துக்கொண்டிருந்தேனோ அவன் பெயர்தான் வந்தது. "அந்த ரவுண்ட் ராக் பையனுக்கு."

"அவனுக்கு ரெண்டாவதா! இந்த மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி?" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், என் காரணம் வேறு.

கப்பல் வாசலில் பாட்டிலுக்கு ரூம் நம்பர் ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். உமாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் புதுத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "தெரியும். நான்தானே பின்னாடி நின்னேன்? பிலோ அக்கா அடுத்த நாளே டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு எனக்கு போன் பண்ணி அழுதாங்க" என்றாள். ஐந்து வருஷமாக நான் ஜூஸ் டப்பாவோடு நின்றதை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. கப்பலில் இருந்து வந்த கொஞ்ச நாளில் ஆபீஸ் வேலையாக சான் ஹோசே போனேன். உமா இல்லை, குரூஸ் இரண்டு டைம் ஸோன் தள்ளி இருக்கிறார். கூட வந்தவர்கள் எனக்கும் சேர்த்து ஆர்டர் பண்ணிவிட்டார்கள். கிளாஸை எடுத்தேன். அந்தக் கடையில் ஒரு வினாடி மாறியதே, அந்த முகம் ஞாபகம் வந்து தொலைத்தது. கிளாஸைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் தள்ளினேன். பாழாய்ப்போன அந்த வைத்தியம் நிஜமாகவே வேலை செய்கிறது. அதற்குப் பிறகு நான் தொடவில்லை. ஆசை போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய். மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இந்த விஷயத்திலும் டபுள் குரூஸ் எனக்கு ஐந்து வருஷம் சீனியர் என்று நினைத்தால் இன்னும் எரிகிறது.

குரூஸ்! பிலோ அக்கா இதை உங்களுக்குப் படித்துக் காட்டினால் கோபப்படுங்கள், தாங்கிக்கொள்கிறேன். நான் குடியை விட்டுவிட்டேன் என்பது முதல் ஐந்து வருஷம் பொய். கடைசி இரண்டு வருஷம் நிஜம். என்னை இவ்வளவு நல்லவன் என்று நினைக்க இந்த அமெரிக்காவில் நீங்கள் ஒருத்தர்தான் இருக்கிறீர்கள், உங்களை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.