ரிசப்ஷன் டிவியில் என் மாமனார்

கை சும்மா இருக்காதவனை ஜாய்ஸ்டிக் முன்னால் உட்கார வைக்கக் கூடாது. இது எங்கள் மேனேஜருக்குப் புரிந்தபோது காரியம் கைமீறிவிட்டது.

அப்போது நான் பிம்ப்ரியில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கண்காணிப்பு அறையில் வேலை பார்த்தேன். சுவர் நிறைய டிவிகள், மேஜையில் ஒரு கீபோர்டு. கேமராவின் நம்பரைத் தட்டி ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தால் கேமரா அந்தப் பக்கம் திரும்பும். திருகினால் படம் கிட்டே வரும். (கிட்டே என்றால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் மூக்குமுடி தெரியும் அளவுக்கு.) வீட்டில் ரிமோட்டைத் தொட்டாலே அப்பா திட்டுவார். இங்கே சம்பளம் கொடுத்து ஆட்டச் சொன்னார்கள். விடுவேனா?

கல்யாண விஷயத்தில்தான் கஷ்டம். டிவி பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக ஔந்தில் வசந்தியைப் பெண் பார்த்தோம். பார்த்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருக்கிறதாம், அண்ணி மூலம் தகவல் வந்தது. அவள் அப்பாவும் அம்மாவும்தான் பிடிகொடுக்கவில்லை. அன்று கேசரித் தட்டை அவள் அப்பா (இப்போது என் மாமா) தொடவே இல்லை. சுகர் வந்ததிலிருந்து இனிப்பை நாக்கில் வைத்ததில்லை என்று அத்தை பெருமையாகச் சொன்னார்.

அடுத்த வாரம் தாபோடியிலிருந்து அம்மா போன் செய்தார். "டேய், ஒன்ன பத்தி விசாரிக்க அவங்க இன்னிக்கு கம்பெனிக்கு வராங்களாம். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. கம்முனு உக்காந்து வேலயப் பாரு."

பெண் வீட்டார் பையன் வேலை செய்யும் இடத்துக்குச் சொல்லாமல் வந்து, வாட்ச்மேனிடமும் டீக்கடையிலும் துருவுவது எங்கள் ஆட்களின் வழக்கம். பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்கள் நம்புவார்கள். பையனும் தெரியாத மாதிரி நடிப்பான். நடிப்பதற்கு நான் தயார்தான். கம்மென்று உட்காரத்தான் முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்து கேட் கேமராவைத் தட்டினேன்.

ரிக்ஷாவிலிருந்து இருவரும் இறங்கினார்கள். வெயில் தாங்காமல் அத்தை எங்கள் ரிசப்ஷன் சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார். மாமா மட்டும் எதிர்ப்பக்கக் கடைக்கு நடந்தார். கேமராவும் அவர் பின்னாலேயே போனது. கடைக்காரன் ஏதோ சொன்னான், மாமா தலையாட்டினார். ஐயோ, என்ன சொல்லித் தொலைக்கிறானோ! உதட்டசைவைப் படித்துவிடலாம் என்று திருகினேன்.

அப்போதுதான் மாமா இடமும் வலமும் பார்த்துவிட்டு, ஒரு ஜிலேபியை வாங்கி அப்படியே வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிவரை திருகினேன். திரை முழுக்க மாமாவின் வாய், மீசையில் பாகு. மூன்றாவது ஜிலேபி பாதி உள்ளே போயிருந்தபோது ஒரு பச்சைப் புடவை குறுக்கே பாய்ந்து மாமாவின் கையைப் பிடித்தது. அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்று நான் வியந்துகொண்டிருக்கும்போதே ரிசப்ஷனிலிருந்து போன் வந்தது. அங்கே உட்காரும் பெண்ணுக்குச் சிரிப்பில் ஹிந்தியே வரவில்லை.

ரிசப்ஷன் டிவியில் எந்நேரமும் ஓடுவது அதே கேட் கேமராதான். அதைத் திருப்புவதற்கு முன் அந்த டிவிக்கு வேறு கேமராவை மாற்றிவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவசரத்தில் அது எவனுக்கு ஞாபகம் இருக்கும்?

கீழே கேட்டுக்கு ஓடினேன். மாமா சட்டையில் பாகு சொட்ட நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் அத்தையிடம் திரும்பினார்.

"பாத்தியா? என்னயே இப்படி வேவு பாக்கறவன், நாளைக்கு நம்ம பொண்ண நிம்மதியா இருக்க விடுவானா? இந்த எடம் வேணாம்."

அவ்வளவுதான், மூன்றாவது இடமும் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மேனேஜர் வேறு பின்னால் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தன வருஷமா நான் பக்கத்துலயே இருந்தும் கண்டுபிடிக்கல. இந்தப் புள்ள ஒக்காந்த எடத்துலேந்து கண்டுபிடிச்சிட்டான். எனக்கு இந்த மாப்பிள்ளதான் வேணும். நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

அத்தை என்னைப் பார்த்த அந்தச் சந்தில் மாமா மிச்ச ஜிலேபியையும் வாயில் போட்டுக்கொண்டுவிட்டார் என்பது பின்னால் வசந்தி சொன்ன தகவல்.

மறுநாளே மேனேஜர் என் கீபோர்டிலிருந்து கேட் கேமராவை எடுத்துவிட்டார். தை மாதம் கல்யாணம் நடந்தது. எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும், பெண்ணோட அப்பாவுக்குப் பல்வலியா என்று கேட்பார்கள். தாலி கட்டும்போதும் சரி, பந்தியிலும் சரி, எல்லாப் படத்திலும் மனிதர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருக்கிறார்.