வளைவில் கும்பிட்ட அதிபர்

நாற்பது வருஷம் கார் ஓட்டி ஒரு கோழியைக்கூட இடிக்காதவன் திறமையான சாரதி என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். நான் போகிற வேகத்துக்குக் கோழி நின்று யோசித்து, திரும்பிப் போய், மறுபடியும் வந்து கடக்கலாம் என்பது ரியாஸின் காரில் ஏறிய அன்றுதான் உறைத்தது.

ரியாஸ் ஏறாவூர்ப் பொடியன். வளைகுடா நாடொன்றின் பந்தயத் திடலில், வேகமாகக் கார் ஓட்டப் பழக்குகிற வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். பாசிக்குடா ஹோட்டலுக்கு வருகிறவர்களுக்கு இங்கேயே பழக்கலாம் என்பது அவனும் அங்கே வேலை செய்யும் என் மகள் சுதாவும் சேர்ந்து போட்ட திட்டம். உன்னிச்சைக்குப் போகிற வழியில் மூடிக் கிடக்கும் அரிசி ஆலையில், நெல் காயவைக்கிற பெரிய சீமெந்துக் களம் இருந்தது. ஆலையின் சொந்தக்காரி பாக்கியம், "மூலையில என்ட விதைநெல் காயுது. அதைத் தொடாம என்னவும் செய்" என்று இடம் கொடுத்திருந்தார். ரியாஸுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

"முதல் ஆளா நீங்க ஏறுங்க அப்பா. ரிட்டயர்ட் பள்ளிக்கூட அதிபரே பழகினார் எண்டா ஊர் நம்பும்" என்றாள் சுதா. (என் மரியாதைக்கு அதுவரை யாரும் இப்படியொரு உபயோகம் கண்டுபிடித்ததில்லை.)

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். ரியாஸ் பக்கத்து சீட்டில்.

"சேர், வளைவுக்கு முன்னுக்கே பிரேக்கை நல்லா அமத்துங்க. மறுகா கிறுகித் திரும்புங்க. போக வேண்டிய இடத்தை மட்டும் பாருங்க. கண் போற பக்கம்தான் கார் போகும்."

"நான் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சவன் தம்பி. ஒருக்காச் சொன்னாப் போதும்."

முதல் சுற்று முடிந்ததும், "சேர், நாம ஊர்வலம் போகல்ல" என்றான். ரோசம் வந்து அடுத்த சுற்றில் மிதித்தேன். அறுபதுதான். எனக்கு அது விமானம்.

வளைவின் எதிரே, வேப்பமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார். களுதாவளைப் பக்கம் போனால் பிள்ளையார் கோயில் இருக்கும் திசைக்கு ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைப்பது என் வழக்கம். அன்று பயத்தில் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

"சேர், கை! கை!"

கார் விதைநெல்லுக்குள் புகுந்து சுழன்று நின்றது. திறந்திருந்த ஜன்னல் வழியே, கல்யாண வீட்டு அட்சதை போல நெல் எங்கள் மேல் பொழிந்தது.

நாங்கள் இறங்கி நின்றபோது பாக்கியம் ஓடி வந்தார். என்னை அவர் சந்தேகிக்கவே இல்லை.

"என்ன மனே செஞ்சாய்? அடுத்த போகத்துக்கு வெச்ச நெல்லுடா! வயசான மனிசனை ஏத்தி வெச்சு வித்தை காட்டினியா?" என்று ரியாஸை ஏசினார். பிறகு என்னிடம், "சேர், அடி ஏதும் பட்டிச்சா?"

ரியாஸ் என்னைப் பார்த்தான். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"என்ட பிழைதான் மாமி" என்றான் அவன்.

"இனி இந்தக் களத்தில உன்ட கார் ஏறப்படா."

ஜன்னலை உடைத்தவன் முன்வந்து சொல்லும்வரை முழு வகுப்பையும் வெயிலில் நிறுத்தியவன் நான். என்னை வெயிலில் நிறுத்த அங்கே யாரும் இல்லை. வீட்டில் கொண்டுவந்து விடும்போது ரியாஸ் கேட்டது ஒன்றுதான்: "பயந்திட்டீங்களா சேர்?"

மறுநாள் காலை பாக்கியத்திடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

"ரெண்டு கையாலயுமா கும்பிட்டீங்க?"

"ஓம்."

சிரித்துச் சிரித்து நெல் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்தப் பொடியனை நேத்து என்ன ஏச்சு ஏசினன். பாத்துக்கொண்டுதானே நிண்டீங்க?"

என் கை மறுபடியும் மூக்குக்கண்ணாடிக்குப் போனது.

களத்தைத் திருப்பிக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: கார் ஓடுகிற நாளெல்லாம் நெல்லுக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். நிற்கிறேன், குடையோடு.

"அப்பா இப்ப கார் ரேஸில இருக்கார்" என்று வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சுதா போனில் சொல்லிச் சிரிக்கிறாள். அவர்கள் வாயைப் பிளப்பதற்குள் போனை வாங்கி, "நெல்லுக்குக் காவல்" என்று திருத்திவிடுகிறேன். இப்போதெல்லாம் நான் வேகமாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.