இரண்டு குரலும் என்னுதுதான், சார்

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டேன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். நன்றாகப் பார்ப்பேன். கோபத்துக்குரிய ஆள் பக்கத்தில் எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் ஆரம்பிப்பேன். இருபத்தாறு வயதில் மதுரையில் வாத்தியார் வேலை பார்த்தபோது என் வீரமெல்லாம் ஆசிரியர் அறைக்கு உள்ளேதான். தலைமை ஆசிரியைக்கு முன்னால் போய் நின்றால் "சரிங்க டீச்சர்" என்பதைத் தாண்டி எனக்குத் தமிழே தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் ஓர் அரசு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். திடீரென்று ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதைப் பழகிக்கொள்ள யாராவது பத்து நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றார்கள். கணக்கு டீச்சர்களிலேயே சின்னவள், மறுத்துப் பேசத் தெரியாதவள் என்ற இரண்டு தகுதிகளால் நான் போனேன்.

அந்தக் கம்ப்யூட்டரை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். டைப் அடிக்கும் மெஷின் மாதிரி ஒரு பெட்டி, அதோடு ஒரு சின்ன டிவி, பக்கத்தில் வீட்டில் பாட்டுக் கேட்கிற சாதாரண டேப்ரிக்கார்டர். கரண்டை நிறுத்தினால் பெட்டிக்கு எல்லாம் மறந்துபோகும். அதனால் நாம் எழுதிய புரோகிராமை ஒயர் வழியாக டேப்ரிக்கார்டருக்கு அனுப்பி, கேசட்டில் பதிந்துவைக்க வேண்டும். மறுநாள் அந்தக் கேசட்டை ஓடவிட்டால் பெட்டிக்குள் திரும்ப ஏறிக்கொள்ளும். (பதிந்ததைக் காதால் கேட்டால் தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம் வரும். அதைக் கேட்டு ஆனந்தப்பட்ட ஒரே மதுரைக்காரி நானாகத்தான் இருப்பேன்.)

பயிற்சி முடிந்து, பிள்ளைகளுக்கு என்னென்ன சொல்லித்தரலாம் என்று ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டு. பெட்டிக்கு வெள்ளைத் துணி உறை. உறையின் மேல் சந்தனம், குங்குமம், காய்ந்த கதம்ப மாலை.

தலைமை ஆசிரியைக்கு ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. இந்தப் பொருள் கெட்டுப்போனால் தன் ஓய்வூதியக் காகிதம் எங்காவது மேஜையில் தங்கிவிடும் என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் எனக்கு இன்று புரிகிறது. அன்று புரியவில்லை. இன்றும் மன்னிக்கவில்லை. ஏனென்றால் சாவியை அவர் தன் கைப்பையில் வைத்துக்கொண்டதோடு விடவில்லை. வாரத்துக்கு ஒரு வகுப்பு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உத்தரவு போட்டார். வீட்டுக்குத் தூரமான பிள்ளைகள் அந்த ஜன்னல் பக்கம்கூட வரக்கூடாது என்று அதற்கு ஒரு கிளை உத்தரவு வேறு.

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. நேராக அவர் அறைக்குப் போனேன். நியாயம் கேட்கத்தான் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, என்னம்மா என்றார். சாக்பீஸ் தீர்ந்துபோச்சு டீச்சர் என்று சொல்லி, ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இப்படியே ஆறு மாதம் போனது. ஆறு மாதத்தில் ஒரு பிள்ளையின் விரல்கூட அந்தப் பெட்டியின் மேல் படவில்லை. அப்புறம் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி கம்ப்யூட்டர் வகுப்பைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. இல்லாத வகுப்பை எப்படிப் பார்வையிடுவது? தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். பெட்டியைக் கூட்ட மண்டபத்து மேடைக்குக் கொண்டுபோய்விடலாம், நீ ஏதாவது கணக்குப் போட்டுக் காட்டு, பொத்தானை அதிகாரி மட்டும் அழுத்தட்டும், பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கைதட்டட்டும் என்றார். நான் என்ன சொன்னேன் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

முந்தின நாள் மதியம் ஒரு மணி நேரத்துக்குச் சாவி கிடைத்தது. தனியாக இருக்கக்கூடாது, சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது நிபந்தனை. சுலோசனாவைக் கூட்டிக்கொண்டேன். அவள் அறிவியல் டீச்சர், சௌராஷ்டிரக் குடும்பம். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் முடியப் போகிறது. அந்த வாரம்தான் அவளைப் பற்றித் தலைமை ஆசிரியை நல்லபடியாக அறிக்கை எழுதினால் வேலை நிரந்தரமாகும். அதனால் பள்ளிக்குள் மூச்சைக்கூட அளந்துதான் விட்டுக்கொண்டிருந்தாள்.

வாய்ப்பாடு கேட்கும் ஒரு புரோகிராம் எழுதினேன். ஏழெட்டு எவ்வளவு என்று திரையில் கேட்கும். சரியாகச் சொன்னால் இங்கிலீஷ் எழுத்தில் 'சபாஷ்' என்று வரும். எழுதி முடித்து, டேப்ரிக்கார்டரின் சிவப்புப் பட்டனை அழுத்தி, கேசட்டில் பதியவிட்டேன். பதிய ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்தக் காய்ந்த மாலை என் கண்ணில் பட்டது. சுற்றிலும் யாரும் இல்லை. டேப்ரிக்கார்டரை நிறுத்தாமலே ஆரம்பித்துவிட்டேன்.

இந்த இடத்தில் டேப்ரிக்கார்டரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பயிற்சியில் எனக்கும் இதைச் சொன்னார்கள். நான் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிவைத்திருந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒயரை 'மைக்' என்று போட்டிருக்கும் ஓட்டையில் இறுக்கமாகச் செருக வேண்டும். செருகாவிட்டால் டேப்ரிக்கார்டர் தன் வயிற்றுக்குள் இருக்கும் மைக்கால் அந்த அறையில் கேட்பதையெல்லாம் பதியும். நான் செருகவில்லை. பெட்டியும் அதைப் பற்றி எதுவும் கேட்காமல், வேலை முடிந்தது என்று திரையில் காட்டிவிட்டது.

மறுநாள் மேடை. வாடகைக்கு மைக் செட். வாழைமரம்கூடக் கட்டியிருந்தார்கள். கீழே இருநூறு பிள்ளைகள். முன்வரிசையில் பெற்றோர் சங்கத்துக்காரர்கள், ஆசிரியர்கள். அதிகாரி ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். பெட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தோம். கேசட்டை ஓடவிட்டேன். திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. தலைமை ஆசிரியை கூட்டத்தைப் பார்த்து, கம்ப்யூட்டர் யோசிக்குது என்று அறிவித்தார். இரண்டு நிமிஷம் ஆனது. கேசட்டில் சத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று, டேப்ரிக்கார்டரின் இன்னொரு ஒயரைப் பிடுங்கினேன். அதைப் பிடுங்கினால்தான் ஒலிபெருக்கி பேசும். பக்கத்திலேயே மேடை மைக் நின்றுகொண்டிருந்தது.

தகரம் கீறும் சத்தத்தை எதிர்பார்த்தேன். மண்டபம் முழுக்க என் குரல் கேட்டது.

"...பொட்டு வச்சு மாலை போட்டு உக்கார வச்சிருக்கு இந்தம்மா. ஆறு மாசமாச்சு, ஒரு பிள்ளை தொடலை. தீட்டாம்ல? மெஷினுக்குத் தீட்டு. தூரமான பிள்ளைக ஜன்னல்கிட்டக் கூட வரக்கூடாதாம். இவுக மட்டும் மானத்துல இருந்து குதிச்சு வந்தவுக பாரு."

நான் பாய்ந்து நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். அழுத்தியது நிறுத்தும் பட்டன் இல்லை, வேகமாக ஓட்டும் பட்டன். என் குரல் எலி மாதிரிக் கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. பதறிக் கையை எடுத்தேன். அது சரியான இடத்தில் வந்து நின்று திரும்பப் பேசியது.

"நாளைக்கு வர்ற ஆபீசரு மட்டும் என்னத்தக் கண்டாரு? இதை டிவின்னு நெனச்சுப் பாப்பாரு. வடையைத் தின்னுட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போவாரு."

அதைத் தொடர்ந்து இன்னொரு பெண் குரல், கிசுகிசுப்பாக, சௌராஷ்டிர மொழியில் ஒரு வாக்கியம் சொன்னது. அப்புறம் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம். அதற்குப் பிறகுதான் நிறுத்தும் பட்டன் என் விரலுக்குக் கிடைத்தது.

தலைமை ஆசிரியை மெதுவாகத் திரும்பி முன்வரிசையைப் பார்த்தார். அங்கே சுலோசனா முகத்தில் ரத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர்களில் சௌராஷ்டிரம் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அந்த அறிக்கை இன்னும் எழுதப்படாமல் மேஜையில் கிடந்தது.

அதிகாரி என்னிடம் கேட்டார்: "இது யாரும்மா பேசுனது?"

"நான்தான் சார்."

"ரெண்டாவது குரல்?"

"ரெண்டு குரலும் என்னுதுதான், சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒனக்குச் சௌராஷ்டிரம் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும் சார்."

"அப்ப நீ சொன்னதுக்கு என்ன அர்த்தம்?"

இருநூறு பிள்ளைகள் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பின்வரிசையில் பாதிப் பேருக்கு வீட்டில் அதுதான் பேச்சு, அவர்களுக்கு அர்த்தம் தெரியும். எனக்குத் தெரியாது.

"மறந்துபோச்சு சார்" என்றேன்.

அந்தப் பின்வரிசைதான் முதலில் சிரித்தது. பிறகு மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கோபம் வந்தது, வாழ்க்கையில் முதல்முறையாக, ஆள் எதிரில் இருக்கும்போதே. மேடை மைக் பக்கம் நகர்ந்து, பேசியது தப்புத்தான், ஆனால் பேசியதில் ஒன்றும் பொய் இல்லை, ஆறு மாதமாகப் பூட்டித்தான் கிடக்கிறது, வேண்டுமென்றால் பிள்ளைகளைக் கேளுங்கள் என்றேன். அதிகாரி பிள்ளைகளைக் கேட்கவில்லை. தலைமை ஆசிரியையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போனார். வடையைத் தொடவில்லை. (தட்டில் வைத்தது வைத்தபடி இருந்ததைத் தலைமை ஆசிரியை என்னிடம் இரண்டு தரம் காட்டினார்.)

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் சுலோசனாவிடம், அப்படி என்னதான்டி சொன்னே என்று கேட்டேன். அவள் அழுது முடித்துவிட்டு, "பயத்துல வீட்டுப் பேச்சு வந்துருச்சு, அதுக்குத்தான் ரெண்டு பேரும் சிரிச்சோம். மெதுவாப் பேசு, யாராச்சும் கேட்டுக்கிட்டு இருப்பாகன்னு சொன்னேன்" என்றாள்.

பத்தாம் நாள் உத்தரவுகள் வந்தன. எனக்கு எழுமலைக்கு மாறுதல். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது, பாதி நாள் கரண்டும் கிடையாது. தலைமை ஆசிரியைக்கு, அறை ஏன் பூட்டிக் கிடந்தது என்று விளக்கம் கேட்டுக் கடிதம். அவர் பதில் எழுதும் முன்பே பூட்டைக் கழற்றி, ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியட் என்று கால அட்டவணை ஒட்டிவிட்டார். பொறுப்பாசிரியை சுலோசனா. அவளைப் பற்றிய அறிக்கையும் நல்லபடியாகவே போனது. இரண்டாவது குரல் யாருடையது என்று எழுதினால், முதல் குரல் சொன்னதையும் எழுத வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

சுலோசனாவுக்குக் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றுகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்து, என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை நான் விடியுமுன் எழுந்து உசிலம்பட்டி பஸ் பிடித்து, அங்கிருந்து எழுமலை பஸ்ஸில் நின்றுகொண்டு போவேன். நான் போட்ட சத்தத்தில் திறந்த அறைக்குள் என்னைத் தவிர எல்லோரும் போனார்கள். இதை நினைத்து நினைத்து நான்கு வருஷம் பல்லைக் கடித்திருக்கிறேன். பயணத்தில் தூங்காமல் இருக்க அந்தக் கோபம்தான் உதவியது.

எங்கள் வீட்டில் இதை வைத்து ஒரு கேலி இன்றுவரை ஓடுகிறது. நான் அடுப்படியில் தனியாக யாரையாவது திட்டிக்கொண்டிருந்தால், என் கணவர் முன்னறையிலிருந்து கேட்பார்: "இப்பப் பேசுறது ஒண்ணாவது ஆளா, ரெண்டாவது ஆளா?" சுலோசனா வீட்டில் கேலி வேறு மாதிரி. பிள்ளைகள் தம்ளரை உடைத்துவிட்டு யார் என்று ஒப்புக்கொள்ளாவிட்டால், "அந்தக் கணக்கு டீச்சரைக் கூப்பிடு, நான்தான் ஒடச்சேன்னு வந்து சொல்லிட்டுப் போகட்டும்" என்பார் அவள் கணவர்.

அவள் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண் என் கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களிடம் கூட்டிக்கொண்டுபோய், எங்கம்மாவுக்காக மேடையில சௌராஷ்டிரம் பேசுனவங்க இவங்கதான் என்றாள். அவர்கள் முகமெல்லாம் மலர்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அரை மணி நேரம் என்னோடு சௌராஷ்டிரத்தில் பேசினார்கள். நான் ஒரு வார்த்தை புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சுலோசனா தூரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தபோது, எனக்கு வந்த கோபம் இருக்கிறதே.